மாறிப் பொருந்தும் உறுப்புகள்: றைபிள் உற்பத்தியிற் கைவினைஞரின் அரமும் அரசின் அளவுமானியும்

ஐக்கிய அமெரிக்காவிலே தனக்கென முதன்முறையாக ஒரு றைபிளை அமைத்துக்கொள்ள விரும்பும் வேட்டைக்காரர் ஒருவர் இன்று மேற்கொள்ளும் செயன்முறை வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. அவர் முதலிலே தோட்டாவைத் தெரிவு செய்கிறார். மான் வேட்டைக்கா, நெடுந்தூர இலக்குக்கா என்ற நோக்கமே அதனைத் தீர்மானிக்கும். பின்னர் அத்தோட்டாவின் நீளத்துக்கு ஏற்ற ‘அக்ஷன்’ என்னும் பகுதியை, அதாவது முன்னும் பின்னும் ஓடும் தாழையும் அதனைத் தாங்கும் உருக்குக் கூட்டினையும், ஒரு நிறுவனத்திடம் வாங்குகிறார். குழலை மற்றொரு நிறுவனத்திடம் வாங்குகிறார். செலவழிக்கக்கூடிய பணத்திற் பெரும்பங்கைக் குழலுக்கே ஒதுக்குமாறு அனுபவசாலிகள் அவருக்கு அறிவுரை கூறுவர். விசைத்தொகுதி மூன்றாமிடத்திலிருந்தும் மரக்கட்டை நான்காமிடத்திலிருந்தும் வருகின்றன. ஒருவரையொருவர் கண்டறியாத தொழிலாளர் வெவ்வேறு மாநிலங்களிலே செய்த இவ்வுறுப்புகள் அவருடைய மேசைமீது ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. எங்கேனும் ஒன்று பொருந்தாவிடின் அவர் சினங்கொண்டு அதனைத் திருப்பியனுப்புகிறார்.

அச்சினமே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குரிய பொருள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் எத்துப்பாக்கி வினைஞனும் இவ்வாறு சினந்திருக்க மாட்டான். உறுப்புகள் பொருந்தாமையே அன்று இயல்பாக இருந்தது. அவற்றைப் பொருந்தச் செய்வதற்கென்றே அவன் கையில் அரம் இருந்தது. பொருந்தாமை எவ்வாறு குற்றமாயிற்று? அவ்வாறு ஆக்கியவர் யாவர்? அதற்கான விலையைக் கொடுத்தவர் யாவர்?

வழக்கமான விடை நாமனைவரும் பாடநூல்களிற் படித்ததே. ஈலாய் விற்னி என்னும் மேதை மாறிப் பொருந்தும் உறுப்புகளைக் கண்டுபிடித்தான், சந்தை அதனை வரவேற்றது, உலகம் முன்னேறியது. தனிமனித மேதையும் தடையற்ற வாணிபமும் வரலாற்றை இயக்குகின்றன என்று நம்ப விரும்புவோருக்கு இதனிலும் இனிய கதை கிடைப்பது அரிது. ஆயின் சான்றுகள் இக்கதையை ஏற்கவில்லை. அரச கருவூலத்தின் நீண்டகால முதலீடும், தொழிற்களத்தின்மீது கைவினைஞர் கொண்டிருந்த அதிகாரத்தைப் பறிப்பதற்கான நெடும் போராட்டமுமே அம்முறையைத் தோற்றுவித்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலிற் கைவினை உற்பத்தியின் இயல்பை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் துப்பாக்கி முற்றுமுழுதாக ஒருவனால் செய்யப்பட்டது என எண்ணுதல் தவறாகும். பேர்மிங்காம் நகரிலே குழல் ஒட்டுவோர், குழல் துளைப்போர், பூட்டு அராவுவோர், கட்டை செதுக்குவோர், இறுதியில் யாவற்றையும் ஒன்று சேர்ப்போர் எனத் தொழில் பல கூறுகளாகப் பிரிந்திருந்தது. பூட்டு என்று இங்கு குறிப்பிடுவது சக்கிமுக்கிக் கல்லை அடித்து மருந்தைப் பற்றவைக்கும் பொறித்தொகுதியை. பென்சில்வேனியாவில் நீண்ட குழல் கொண்ட புகழ்பெற்ற றைபிள்களைச் செய்த ஜெர்மானியக் குடியேற்ற வினைஞர்களும் பூட்டுகளைப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வருவித்தே பயன்படுத்தினர். ஆகவே உறுப்புகளை வாங்கிச் சேர்த்தல் என்பது புதிய வழக்கமன்று. வாங்கிய பூட்டைக் கட்டையிலே இருத்துவதற்குக் கட்டையைச் செதுக்க வேண்டியிருந்தது. திருகாணி ஒவ்வொன்றையும் அதற்குரிய துளைக்கென்றே அராவ வேண்டியிருந்தது. அவ்வாறு அராவப்பட்ட திருகாணி பிறிதொரு துப்பாக்கிக்கு உதவாது. எனவேதான் வினைஞர் உறுப்புகளிலே அடையாளக் கீறல்களைப் பொறித்தனர்.

நம் நாட்டின் கண்டித் துப்பாக்கிகளும் இவ்வுற்பத்தி முறையின் சிறந்த சான்றுகளே. அவற்றின் பூட்டு ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறாக இடப்புறத்தே அமைந்திருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளவுபட்டிருக்கும். வெள்ளியும் தந்தமும் இழைத்த வேலைப்பாடு பலவற்றிற் காணப்படும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே இத்தகைய கொல்லரின் சமூக நிலையும் அரச சேவைக் கடப்பாடும் விரிவாக எடுத்துரைக்கப்பட்டுள்ளன. சாதியும் இராசகாரியமும் பிணித்த அக்கொல்லனும், கூலிக்கு உழைத்த பேர்மிங்காம் வினைஞனும் உற்பத்தி உறவுகளால் வேறுபட்டவர்கள். ஆயினும் ஓர் உறுப்பு சரியா பிழையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் இருவருக்கும் தத்தம் கண்ணிலும் விரலிலுமே இருந்தது. அக்கோலை வினைஞனின் உடலிலிருந்து பிரித்தெடுத்து வேறொருவர் கையிற் கொடுத்ததே நாம் பேசும் புரட்சியாகும்.

அம்முயற்சி பிரான்சின் பீரங்கிப் படையிலே தொடங்கிற்று. கிரிபோவால் என்னும் தளபதி 1765 முதல் பீரங்கிகளையும் அவற்றின் வண்டிகளையும் ஒரே அளவுத்திட்டத்துக்குள் கொண்டுவர முயன்றார். அவருடைய ஆதரவைப் பெற்ற ஒனோரே பிளாங் என்னும் வினைஞர் துப்பாக்கிப் பூட்டுகளை வார்ப்பச்சுகளாலும் அளவுமானிகளாலும் ஒரே மாதிரியாகச் செய்யும் முறையை உருவாக்கினார். 1785இல் பாரிசிலே அமெரிக்கத் தூதராயிருந்த தோமஸ் ஜெபர்சன் வென்சென் கோட்டையிலிருந்த பிளாங்கின் பட்டறைக்குச் சென்றார். கழற்றப்பட்ட ஐம்பது பூட்டுகளின் உறுப்புகள் தட்டறைகளிலே பரப்பப்பட்டிருந்தன. கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துத் தாமே சில பூட்டுகளைச் சேர்த்ததாகவும் அவை நன்கு பொருந்தியதாகவும் ஜெபர்சன் தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்திலே தெரிவித்தார். தெரிவு செய்த உறுப்புகளைத் தன் மேசைமீது சேர்க்கும் இன்றைய வேட்டைக்காரரின் முன்னோடி இவ்விராசதந்திரி எனலாம். அரத்தைத் தொட்டறியாத ஒருவர் துப்பாக்கிப் பூட்டைச் சேர்த்துவிட்டார்.

பிரான்சிலே இம்முறை வேரூன்றவில்லை. கென் ஆல்டர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தைத் தெளிவாக்குகிறது. சாந்த் எத்தியேன் நகரத்துத் துப்பாக்கி வினைஞரும் வணிகரும் படைப்பொறியியலாளரின் அளவுமானிகளை நடுநிலையான கருவிகளாகக் கருதவில்லை. எவ்வுறுப்பு ஏற்கப்படும், எதற்கு விலை கொடுக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதனோடு அரச பரிசோதகரிடம் சென்றுவிடும் என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்தனர். பிளாங் 1801இல் இறந்தார். அதற்குப்பின் ஒரு பத்தாண்டு நிறையுமுன்னரே அரசும் இத்திட்டத்தைக் கைவிட்டது.

இனி விற்னியின் கதைக்கு வருவோம். 1798இல் பதினாயிரம் துப்பாக்கிகளை 1,34,000 டொலருக்கு இரண்டாண்டுகளிலே செய்து தருவதாக அவர் ஐக்கிய அமெரிக்க அரசோடு ஒப்பந்தஞ் செய்தார். 1801இல் வாஷிங்டனிலே தலைவர்களின் முன்னிலையிற் பூட்டுகளைக் காட்டி வியப்பூட்டினார். இறுதித் துப்பாக்கிகள் 1809இலேயே ஒப்படைக்கப்பட்டன. றொபேட் வூட்பரி 1960இல் எழுதிய கட்டுரையிலே இப்புகழின் அடித்தளத்தை வினாவினார். பின்னர் விற்னியின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தவர்கள் அவற்றின் பூட்டுறுப்புகள் தனித்தனியாக அராவப்பட்டிருந்தமையையும், உறுப்புகளிலே பொருத்தற் குறிகள் இருந்தமையையும் கண்டனர். பொருந்தும் உறுப்புகளுக்குக் குறி எதற்கு? விற்னி முறையைச் சாதித்தவரல்லர். அதன் பெயரால் அரச முற்பணத்தைப் பெறுந் திறமை வாய்ந்தவர் என்று கூறினால் அது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். எனினும் சான்றுகளின்படி அதனினும் மென்மையான தீர்ப்பை வழங்க இயலவில்லை.

உண்மையிலே சாதித்தவர் ஜோன் எச். ஹோல். பின்புறமாகத் தோட்டா இடும் றைபிளுக்கு 1811இல் ஆக்கவுரிமை பெற்ற இவர் 1819இல் வேர்ஜீனியாவின் ஹாப்பர்ஸ் பெரி அரச படைக்கலச் சாலையிலே ஆயிரம் றைபிள்கள் செய்ய அமர்த்தப்பட்டார். அவருடைய துப்பாக்கியின் பின்பகுதி தனியே மேலெழும்பி மருந்தையும் குண்டையும் ஏற்றுக் கீழிறங்கிக் குழலோடு இணையும். இணைப்பிலே சிறிது இடைவெளி இருப்பினும் எரிவாயு கசியும். ஆகவே அவருக்கு நுட்பமான அளவு அழகியல் விருப்பமன்று. ஆயுதத்தின் அமைப்பே அதனை வேண்டி நின்றது.

ஹோலின் முறையிலே மூன்று கூறுகளை விதந்து கூறலாம். வெட்டும் இயந்திரங்கள் முதலாவது. இரும்பைக் கையால் அராவுவதற்குப் பதிலாகச் சுழலும் வெட்டலகுகள் ஒரே பாதையிலே செல்லுமாறு அவர் அமைத்தார். பரிசோதனைக்கென அறுபதுக்கு மேற்பட்ட அளவுமானிகளை வைத்திருந்தமை இரண்டாவது. மூன்றாவதே மிக நுட்பமானது. ஓர் உறுப்பிலே பல துளைகளும் விளிம்புகளும் இருக்கையில், முதற்றுளையிலிருந்து இரண்டாவதையும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதையும் அளந்து சென்றால் ஒவ்வோர் அளவின் சிறு பிழையும் அடுத்ததனோடு கூடிப் பெருகும். ஹோல் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு புள்ளியை நிலையாகக் கொண்டு அளவுகள் யாவற்றையும் அதிலிருந்தே எடுத்தார். இன்றும் பொறியியல் வரைபடங்களிலே கடைப்பிடிக்கப்படும் கோட்பாடு இது.

1826ஆம் ஆண்டின் இறுதியில் அரசு நியமித்த குழுவொன்று நூறு றைபிள்களைக் கழற்றி உறுப்புகளைக் கலந்து புதிய கட்டைகளிலே மீண்டும் பொருத்திப் பார்த்தது. யாவும் பொருந்தின. இயந்திரத்தின் துணையுடன் ஒரு சிறுவன் அரம் பிடித்த பத்துப் பேரினும் கூடுதலான வேலையைச் செய்வான் என்பதும் அக்குழுவின் முடிபாயிற்று. 1828இல் கனெக்ரிகற் மாநிலத்தைச் சேர்ந்த சிமியன் நோர்த் என்பவரிடமும் ஹோலின் றைபிள்களைச் செய்யும் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. 1834 அளவிலே, நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்த இரு சாலைகளிற் செய்யப்பட்ட உறுப்புகள் ஒன்றற்கொன்று மாறிப் பொருந்தின. ‘ஒரு குழலை இங்கும் ஒரு தாழை அங்கும் வாங்கலாம்’ என்னும் இன்றைய நிலைமையின் முதற் சாத்தியம் இதுவே.

இவ்வளவும் இலாபகரமாக நடைபெற்றதா? இல்லை. ஹோலின் இயந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் அரசு செலவழித்த தொகை எத்தனியார் முதலாளியையும் திவாலாக்கியிருக்கும். டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டுவதுபோல, சந்தைக்குப் பொருள் செய்தோர் பலர் நெடுங்காலம் இம்முறையை நாடவேயில்லை. நம் வீடுகளிலே தலைமுறைகளாக வழங்கிவந்த சிங்கர் தையல் இயந்திரத்தின் உறுப்புகளும் 1880கள் வரை அரத்தால் அராவியே பொருத்தப்பட்டன. செலவைக் கருதாது ஒருமைப்பாட்டைக் கோரியது படைத்துறையே.

ஹாப்பர்ஸ் பெரியின் தொழிலாளரை இனி நோக்குதல் வேண்டும். மெரிற் றோ சிமித் 1977இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் எமக்குப் பெருந்துணையாகின்றது. ஸ்ரபிள்பீல்ட் என்பவர் மேலாளராயிருந்த காலத்தில் அங்கிருந்த வினைஞர் துண்டுக் கூலிக்கு வேலை செய்தனர். விரும்பிய நேரத்திலே வந்தனர், சென்றனர். வேலைத்தலத்திலே மது அருந்தினர். அறுவடைக் காலத்திலே தம் நிலத்துக்குப் போயினர். மேலாளரின் உறவினர் ஊழலும் உடனிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1829இல் தோமஸ் டன் என்னும் புதிய மேலாளர் கடுமையான ஒழுங்கு விதிகளோடு வந்தார். ஆறு மாதமளவிலே, 1830 ஜனவரியில், வேலைநீக்கம் செய்யப்பட்ட எபனீசர் கொக்ஸ் என்னும் வினைஞன் அவரைத் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றான். கொக்ஸ் அவ்வாண்டிலேயே தூக்கிலிடப்பட்டான். ஆயினும் தொழிலாளரிடையே அவன் நெடுங்காலம் வீரனாகப் பேசப்பட்டான். பின்வந்த மேலாளர்களுக்கு அவன் பெயர் எச்சரிக்கையாக நினைவூட்டப்பட்டது. கொலையை நியாயப்படுத்த வேண்டிய தேவை எமக்கில்லை. ஒரு சமூகம் எவனை நினைவிலே வைத்திருக்கிறது என்பது வரலாற்றுச் சான்றாகும்.

1841இல் சாலை இராணுவ அதிகாரிகளின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தது. மேஜர் கிரெய்க் மணிக்கூட்டுக்கு அமைய வேலைநேரத்தை விதித்தார். 1842இல் வினைஞர் வேலையை நிறுத்தினர். படகொன்றை வாடகைக்கு அமர்த்திக் கால்வாய் வழியே வாஷிங்டனுக்குச் சென்று ஜனாதிபதி ஜோன் ரைலரைச் சந்தித்தனர். தாம் இயந்திரங்களுக்கு அடிமைகளாக்கப்படுகின்றனர் என்பது அவர்களின் முறையீடு. அடிமை உழைப்பு நிலவிய வேர்ஜீனியாவிலே வெள்ளைத் தொழிலாளர் பயன்படுத்திய அச்சொல்லின் கனத்தையும் முரணையும் வாசகர் ஒருங்கே உணரவேண்டும். ஜனாதிபதி அன்பாகப் பேசி வேலைக்குத் திரும்புமாறு கூறி அனுப்பினார். மணிக்கூடு அகற்றப்படவில்லை. பதினேழு ஆண்டுகளின் பின், 1859 ஒக்ரோபரில், அடிமை முறையை ஒழிக்கவென ஜோன் பிறவுன் தாக்கிக் கைப்பற்றிய இடங்களுள் ஹோலின் றைபிள் தொழிற்சாலையும் ஒன்று.

ஹோல் உடல்நலமிழந்து 1840இல் அங்கிருந்து நீங்கி மறுவருடம் இறந்தார். அவர் வகுத்த முறை மசாச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் சாலையிலே நிலைபெற்றது. துப்பாக்கிக் கட்டையைக் கடைவதற்குத் தோமஸ் பிளாஞ்சாட் 1819இல் அமைத்த இயந்திரம், கட்டை செதுக்குவோரின் கைத்திறனையும் அங்கு பெயர்த்துவிட்டிருந்தது.

1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியிலே வேர்மொன்ற் மாநிலத்து றொபின்ஸ் அன்ட் லோரன்ஸ் நிறுவனம் மாறிப் பொருந்தும் உறுப்புகள் கொண்ட ஆறு றைபிள்களை வைத்தபோது பிரித்தானிய அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். 1854இல் ஸ்பிறிங்பீல்டுக்குச் சென்ற அவர்களது குழு, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைத் தெரிந்தெடுத்துக் கழற்றிக் கலந்து சேர்க்கச் செய்து கண்டது. அவ்வாண்டிலேயே பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் பேர்மிங்காம் உற்பத்தியாளர் இதனை வன்மையாக எதிர்த்தனர். எதிர்ப்பு வெல்லவில்லை. அமெரிக்க இயந்திரங்கள் என்பீல்டிலே நிறுவப்பட்டன. ஹாப்பர்ஸ் பெரியிற் பயின்ற ஜேம்ஸ் பேட்டன் அங்கு பொறியியலாளரானார். அங்கு செய்யப்பட்ட 1853ஆம் ஆண்டு மாதிரி றைபிளின் தோட்டாவுறையே 1857இல் வட இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே தனக்கென றைபிள் அமைக்கும் வழக்கம் மீண்டும் தலையெடுத்தது. ஜெர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசர், ஸ்பிறிங்பீல்டின் 1903ஆம் ஆண்டு மாதிரி ஆகிய படைத்துறைத் துப்பாக்கிகளின் அக்ஷன்கள் முதலாம் உலகப் போரின் பின் வேட்டைக்காரர் கைக்கு வந்தன. நியூயோர்க்கிலே 1923இல் தொடங்கப்பட்ட கிறிபின் அன்ட் ஹவ் போன்ற நிறுவனங்கள் செல்வருக்கென அவற்றை மாற்றியமைத்தன. 1926இல் உற்பத்தியாளர் கூடி அமைத்த நிறுவனமொன்று தோட்டாக்களுக்கும் தோட்டா அறைகளுக்கும் பொது அளவுகளை வகுத்தது. 1962இல் வெளியான றெமிங்டன் 700இன் அளவுகளைப் பிற நிறுவனங்களும் பின்பற்றியதால், அதற்கெனச் செய்த கட்டையும் விசைத்தொகுதியும் வேறு அக்ஷன்களுக்கும் பொருந்துகின்றன. இத்தெரிவுச் சுதந்திரத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி உறுப்புகளுள் உருக்குக்கூடு மாத்திரமே துப்பாக்கியாகக் கருதப்படும். ஏனையவை சாதாரண பண்டங்கள். அக்கூட்டையும் அரைகுறையாகச் செய்து விற்கும் வாணிபம் பெருகியதால் 2022இல் கூட்டாட்சி அரசு புதிய விதியை இயற்றிற்று. 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. உத்தரவுப்பத்திரமின்றித் துப்பாக்கி செய்தலை 1916ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கிய இலங்கையின் வாசகருக்கு இவ்வழக்கு விந்தையாகத் தோன்றலாம்.

ஓரிடத்திலே மட்டும் பழைய வினைஞன் நெடுங்காலம் எஞ்சி நின்றான். குழலை அக்ஷனோடு இணைக்கையில் தாழின் முகத்துக்கும் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி நுட்பமாக அமையவேண்டும். அது மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக்கூடு வெடித்துப் பிளக்கும். ஆகவே குழலைக் கடைசல் இயந்திரத்திலே ஏற்றிச் சிறிது சிறிதாக வெட்டிப் பொருத்தும் தேர்ந்த கைக்கே அவ்வேலை விடப்பட்டது. 1958இல் சவேஜ் நிறுவனம் தன் 110ஆம் மாதிரியிலே குழலை ஒரு பெரிய சுரையாணியாற் பூட்டும் முறையைக் கையாண்டது. அதன் நோக்கம் மலிவு: தேர்ந்த வினைஞனுக்குக் கூலி கொடாமலே தொழிற்சாலையில் அவ்விடைவெளியைச் சரிசெய்யலாம். அந்தச் சுரையாணியே பின்னாளில் வீட்டு மேசையில் றைபிள் அமைப்பவருக்கு வாய்ப்பாயிற்று. அவர் இரு சிறிய உருக்கு அளவுமானிகளை வாங்குகிறார். முதலாவதை இட்டால் தாழ் மூடவேண்டும். இரண்டாவதை இட்டால் மூடக்கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்திலே சுரையாணியை இறுக்கிவிட்டு, அரம் என்ற ஒன்றைத் தேடாமலே வேலையை முடிக்கிறார்.